நூறு கோடி ஓம் தடை எதற்கு?

மழைக்கால மும்பையில் துணி காயாது, அப்பளம் நமுத்துப் போகும். இது நமக்கெல்லாம் பழகிப்போன சங்கதி. அதே ஈரம் ஓர் அளவுக்கருவியையும் பொய் சொல்ல வைத்ததை இங்கே எழுதுகிறேன்.

தாணே பக்கம் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் அப்போது எனக்கு வேலை. கழிவுநீரை வெளியே விடுமுன் அதன் பி.ஹெச். அளவைக் குறிக்க வேண்டும். நீர்நிலைகளில் விடுவதற்கு விதிகள் அனுமதிப்பது 5.5 முதல் 9 வரை. ஒரு ஜூலை மாதம், பி.ஹெச். 4 என்று உறுதியாகத் தெரிந்த தாங்கல் கரைசலில் மின்முனையை வைத்தால் மீட்டர் 4.6 காட்டியது. பழுது பார்க்க வந்தவர் மீட்டருக்கு நேரடியாக 177 மில்லிவோல்ட் கொடுத்தார். 177 என்றே காட்டியது. கருவியில் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் சொன்னதும் பாதி உண்மைதான். கண்ணாடி மின்முனை ஒரு பி.ஹெச். அலகுக்கு ஏறக்குறைய 59 மில்லிவோல்ட் தரும். 7-இல் பூஜ்யம், 4-இல் 177. ஆனால் அது மெல்லிய கண்ணாடிச் சவ்வைக் கடந்து வர வேண்டும். அந்தச் சவ்வின் தடை 200 மெகா ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை 10 மெகா ஓம். அதைக்கொண்டு அளந்தால் 210-இல் 10 பங்கு, அதாவது 8 மில்லிவோல்ட்தான் தெரியும். அமிலம் நல்ல தண்ணீர் மாதிரி 6.9 என்று வேஷம் போடும்! பி.ஹெச். மீட்டரின் உள்தடையைப் பல்லாயிரம் மெகா ஓமுக்கு மேல் வைப்பது இதனால்தான். அப்படி வைத்தும், செருகியின் மேல் ஈரமும் விரல் வியர்வையின் உப்பும் படிந்தால் பக்கத்திலேயே ஒரு கசிவுப் பாதை உண்டாகிவிடுகிறது.

இந்தக் கசிவைக் கண்டுபிடிக்கத்தான் நூறு கோடி ஓம், அதாவது 1 கிகா ஓம் ரெசிஸ்டர். அதே 177 மில்லிவோல்ட்டை இந்த ரெசிஸ்டர் வழியாகக் கொடுத்தேன். கசிவு இல்லையென்றால் 177 அப்படியே நிற்க வேண்டும். நின்றது 79. கணக்குப் போட்டால் கசிவுப் பாதையின் தடை 800 மெகா ஓம். செருகியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலர்த்திய பிறகு எண் பழையபடி ஏறிவிட்டது.

இதே ரெசிஸ்டரால் இன்னொரு காரியமும் ஆகும். மீட்டரின் உள்ளீட்டை இதன் வழியாகத் தரையோடு இணைத்தால், உள்ளீடு தானாக இழுக்கும் மின்னோட்டம் தெரியும். 1 பைக்கோ ஆம்பியருக்கு, அதாவது ஆம்பியரில் லட்சம் கோடியில் ஒரு பங்குக்கு, 1 மில்லிவோல்ட். பழைய 741 சில்லை இங்கே போட்டால் போச்சு. அது இழுக்கும் 80 நானோ ஆம்பியர் அளவுக்கு 80 வோல்ட் கணக்காகும். சில்லு உச்சத்தில் முட்டிக்கொண்டு நிற்கும்.

ரெசிஸ்டரே சரிதானா என்று எப்படிப் பார்ப்பது? பெரும்பாலான மல்டிமீட்டர்களின் ஓம் வரிசை இவ்வளவு உயரம் எட்டாது. அதனால் 9 வோல்ட் பேட்டரியோடு ரெசிஸ்டரைத் தொடராகச் சேர்த்து, மல்டிமீட்டரை வோல்ட் வரிசையில் வையுங்கள். உள்தடை 10 மெகா ஓமாக இருந்தால் ஏறத்தாழ 89 மில்லிவோல்ட் வர வேண்டும். ரெசிஸ்டரின் உடம்பை மட்டும் விரலால் தொடாதீர்கள், கம்பிகளைப் பிடித்துத் தூக்குங்கள். அளக்கும்போது எல்லாவற்றையும் ஓர் உலோகப் பெட்டிக்குள் மூடி வைப்பது நல்லது. இல்லாவிட்டால் பக்கத்தில் கையை ஆட்டினாலே எண் ஆடும்.

இந்தக் கசிவில் ஒரு விபரீதம் உண்டு. அது எண்ணை எப்போதும் 7-ஐ நோக்கித்தான் இழுக்கும், அதாவது நமக்குப் பிடித்த பக்கம். அந்த ஜூலைப் பதிவேட்டில் 5.6 என்று எழுதி வெளியே விட்ட தண்ணீர் இருக்கிறது. 800 மெகா ஓம் கசிவை வைத்துத் திருப்பிப் பார்த்தால் அது 5.3-க்குப் பக்கத்தில் வருகிறது. பதிவேட்டில் அந்த வரிக்குப் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலே இருந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அடுத்த ஜூன் முதல், சிலிகா ஜெல் போட்ட டப்பாவிலிருந்து ரெசிஸ்டரை எடுத்து இந்தச் சோதனையைச் செய்த பிறகுதான் அன்றைய முதல் அளவை எடுப்பது என்று வழக்கமாயிற்று.