வேரை நோக்கி ஊரும் கம்பளி

கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: “வீட்டிலேயே கம்பளியில் சடைமுடி செய்து பார்த்தேன் சார். ஆன்லைனில் இரண்டு பாக்கெட் வாங்கினேன். இரண்டிலுமே மெரினோ என்றுதான் போட்டிருந்தது. அதே வெந்நீர், அதே சோப்பு, உருட்டியதும் அதே கைதான். ஒன்று கயிறு மாதிரி திரண்டுவிட்டது. இன்னொன்று மதியம் முழுக்க உருட்டியும் பஞ்சாகவே கிடக்கிறது. எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. அதுதான் காரணமா?”

இல்லை. உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காது, கை கொஞ்சம் கூடுதலாக வலிக்கும், அவ்வளவுதான். கோளாறு அந்த இரண்டாவது பாக்கெட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், முதல் பாக்கெட் ஏன் திரண்டது என்று பார்த்துவிடுவோம். எனக்குப் பிடித்த சங்கதி அதில்தான் இருக்கிறது.

விஷயம் தெரியாதவர்களுக்கு: வெளிநாட்டு இசை விழாக்களில் பச்சை, ஊதா, ஆரஞ்சு என்று தலையிலிருந்து கயிறு கயிறாகத் தொங்கவிட்டிருப்பார்களே, அந்த ட்ரெட்லாக். சொந்த முடி சடை விழ மாதக்கணக்கில் ஆகும். அதற்குப் பொறுமையில்லாதவர்கள் கம்பளியில் தனியாகச் செய்து, சொந்த முடியோடு சேர்த்துப் பின்னிக்கொள்கிறார்கள். கம்பளிச் சவுரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். செய்முறை வீடியோக்களுக்குக் குறைவே இல்லை. எல்லாவற்றிலும் ஒரே விளக்கம்: வெந்நீர் பட்டதும் கம்பளியின் செதில்கள் திறக்குமாம், ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளுமாம், பச்சைத் தண்ணீரில் போட்டதும் பூட்டிக்கொள்ளுமாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கம்பளிக்குச் சாயம் ஏற்றுகிறவர்கள் அதைக் கிட்டத்தட்ட கொதிக்கிற நீரிலேயே நெடுநேரம் போட்டு வைக்கிறார்கள். அலசி அலைக்கழிக்காமல் விட்டால் அது திரள்வதில்லை. மாறாக, பச்சைத் தண்ணீரில் போட்டுக் கசக்கினாலும், நேரம் பிடிக்குமே தவிர, கம்பளி திரளத்தான் செய்யும். ஆக, சூடும் குளிர்ச்சியும் கூட இருந்து உதவுகிறவைதான்; வேலையைச் செய்வது தேய்ப்பு. செதில்கள் மாட்டிக்கொள்வதாவது! மெரினோ ஆட்டு இழையின் குறுக்களவே சுமார் 20 மைக்ரான். அதில் ஒரு செதிலின் விளிம்பு எழும்பி நிற்கும் உயரம் ஒரு மைக்ரானுக்குள். கொக்கி போட அங்கே இடமில்லை.

பின் என்ன நடக்கிறது? ஆய்வுக்கூடம் வேண்டாம், உங்கள் தலையில் ஒரு முடி போதும். நீளமான முடி ஒன்றை வேரோடு பிடுங்குங்கள். வேர்ப்பக்கம் சின்னதாக வெள்ளைக் குமிழ் இருக்கும். முடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நீளவாக்கில் வைத்து, விரல்களை முன்னும் பின்னுமாக மெல்லத் தேயுங்கள். முடி ஊரத் தொடங்கும். வெள்ளைக் குமிழ் இருக்கும் பக்கமாகத்தான் ஊரும். திருப்பி வைத்துத் தேயுங்கள், இப்போது எதிர்த்திசையில் ஊரும். நீங்கள் தேய்ப்பது இரு பக்கமும் சம அளவுதான். போன தூரமே வந்த தூரம். ஆனாலும் முடிக்கு ஒரே திசைதான் தெரிகிறது.

காரணம், செதில்களின் விளிம்புகள் எல்லாம் நுனியைப் பார்த்து நிற்கின்றன. வேரிலிருந்து நுனிக்குத் தடவினால் வழுக்கும், நுனியிலிருந்து வேருக்குத் தடவினால் பிடிக்கும். நுனி பக்கமாகப் போகும் விரல் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. திரும்பி வரும்போதோ முடியையும் வேர்ப்பக்கமாக இழுத்து வருகிறது. ஒவ்வொரு தேய்ப்புக்கும் கொஞ்சம் முன்னேற்றம், பின்வாங்கல் கிடையாது.

மானாவாரிக் காட்டில் நடந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஊசிப்புல் வேட்டியில் ஏறியதை எண்ணிப் பாருங்கள். கூர்முனை முன்னால், அதன் மயிர்கள் எல்லாம் பின்னால் சாய்ந்து நிற்கும். நீங்கள் நடக்க நடக்க வேட்டி முன்னும் பின்னும் அசையும். புல் முன்னால் மட்டும் போகும். கணுக்காலில் ஒட்டியது வீடு வந்து சேர்வதற்குள் தொடையைக் குத்தும். அதற்குக் காலும் இல்லை, நோக்கமும் இல்லை. உங்கள் நடையைத் திருடிப் பயணம் செய்கிறது. இப்போது வேட்டியை எடுத்துவிடுங்கள். ஒரு சாக்கு நிறைய ஊசிப்புல்லை மட்டும் போட்டுக் கட்டிக் குலுக்குங்கள். ஒவ்வொரு புல்லும் மற்ற புற்களுக்கு வேட்டி, தன்னளவில் புல். எல்லாம் எல்லாவற்றிலும் ஏறும். கிழக்கே பார்த்துக் கிடந்தது கிழக்கே போகும், மேற்கே பார்த்தது மேற்கே. எதிரெதிராக நுழைந்தவை ஒன்றையொன்று சுற்றி இறுகும். யாரும் திரும்பிப் போக முடியாது, ஏனென்றால் யாருக்கும் ரிவர்ஸ் கியர் இல்லை. இன்னும் குலுக்கினால் சாக்கு முழுவதும் ஒரே கட்டி. கூடவே புல் வளையக்கூடியதாக, இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்குவதாக, நனைந்தால் தடிப்பதாக இருந்தால்... சரி, வேட்டி கிழிவதற்குள் நிறுத்திக்கொள்கிறேன். அந்தக் கட்டிதான் ஃபெல்ட்.

இதில் கவனிக்க வேண்டியது, இழைகள் எதிரெதிர்த் திசைகளில் கலந்து கிடக்க வேண்டும் என்பது. எல்லா வேரும் ஒரே பக்கம் இருந்தால் எல்லாம் சேர்ந்து ஒரு பக்கமாக நகருமே தவிரச் சிக்காது. சீவிச் சுருட்டி விற்கும் கம்பளித் திரியில் வேரும் நுனியும் கலந்தே கிடப்பதால் நமக்கு அந்தக் கவலை இல்லை. இந்தக் கலப்பைப் பிறகு இன்னோர் இடத்தில் சந்திப்போம்.

தண்ணீருக்கு என்ன வேலை? நனைந்த கம்பளி பருக்கும். குறுக்கே ஆறில் ஒரு பங்கு வரை தடிக்கும், நீளவாக்கில் சுமார் ஒரு சதவீதம்தான் நீளும். இழை இளகும், எளிதில் வளையும், இழுத்தால் நீண்டு பழைய நிலைக்குத் திரும்பும். வழுக்கும் திசைக்கும் பிடிக்கும் திசைக்கும் உள்ள வித்தியாசமும் ஈரத்தில் கூடுகிறது. சூடு இந்த இளக்கத்தை இன்னும் கொஞ்சம் கூட்டும். சோப்பு இல்லாமல் தண்ணீர் எளிதில் உள்ளே போகாது, ஏனென்றால் இழையின் மேற்பரப்பில் தண்ணீரை ஒட்டவிடாத கொழுப்பமிலப் படலம் ஒன்று வேதிப்பிணைப்பாகவே ஒட்டியிருக்கிறது. உள்ளே போன பிறகு, வழுக்க வேண்டிய திசையில் இழை வழுக்கவும் சோப்பு உதவும். அளவு மிஞ்சி நுரை பொங்கினால் இழைகள் நுரைக்குள் மிதந்துவிடும், உராய்வே இருக்காது. வீடியோவில் முழங்கை வரை நுரை தெரிவது பார்வைக்கு அழகு, வேலைக்கு இடைஞ்சல்.

ஆகவே கை வைக்கும் முறை இது. திரியைக் கத்தரிக்காமல் கையால் பிய்த்தெடுங்கள். வெட்டிய முனை மொட்டையாக நிற்கும், பிய்த்த முனை தானாகக் கூம்பும். வேண்டிய நீளத்தைவிடக் கூடுதலாக எடுக்க வேண்டும், திரளும்போது நீளமும் குறையும். திரி நீளவாக்கில் மட்டும் இருந்தால் சடை நடுவே பிளந்துகொள்ளும். மேலே மெல்லிய கம்பளியைக் குறுக்காகச் சுற்றிவிட்டால் பிளக்காது. பிறகு சோப்புத் தண்ணீரைத் தெளித்து, பபிள் ராப் மீதோ மூங்கில் பாய் மீதோ வைத்து உள்ளங்கையால் உருட்டுங்கள். முதலில் கை படுவதே தெரியாத அளவுக்கு மெதுவாக. எடுத்த எடுப்பில் அழுத்தினால் மேல் தோல் மட்டும் இறுகி, உள்ளே பஞ்சு பஞ்சாகவே நின்றுவிடும். சிறிது நேரத்தில் கைக்கே தெரியும்: கொழகொழவென்று விலகிக்கொண்டிருந்தது ஒரு கட்டத்தில் உருண்டு திரும்பத் தொடங்கும். அப்போது அழுத்தலாம். மேலிருந்து ஓர் இழையைக் கிள்ளி இழுத்துப் பாருங்கள். தனியாக வந்தால் இன்னும் உருட்ட வேண்டும். சடையையே இழுத்துக்கொண்டு வந்தால் முடிந்தது.

இனி அந்த இரண்டாவது பாக்கெட். எழுத்து பொடியாக இருந்தாலும் தேடிப் பாருங்கள், அநேகமாக ‘சூப்பர்வாஷ்’ என்று இருக்கும். ஸ்வெட்டர் வாஷிங் மெஷினில் சுருங்கிப்போகாமல் இருக்கச் செய்யும் ஏற்பாடு அது. பரவலான முறையில், முதலில் குளோரின் கொடுத்துச் செதில்களின் மேற்பரப்பைத் தாக்குவார்கள். பிறகு மெல்லிய பாலியமைடு பிசினை இழை முழுவதும் பூசுவார்கள். விளிம்பு மழுங்கி, மேலே படலமும் ஏறியபின் எந்தப் பக்கம் தடவினாலும் ஒன்றுதான். திசை இல்லாத இழை முன்னும் போகும், பின்னும் போகும். கடைசியில் எங்கும் போகாது. மதியம் முழுக்க அல்ல, வாரம் முழுக்க உருட்டினாலும் அதே கதைதான். ‘நூறு சதம் இயற்கை’ என்று அதே பாக்கெட்டின் முகப்பில் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். ஆடு இயற்கைதான். குளோரின் கழிவுநீரையும் பிசினையும் எந்தக் கணக்கில் சேர்ப்பது?

வாங்கு முன் சோதிக்க முடிந்தால் ஒரு சிட்டிகை போதும். ஈரக் கையில் ஒரு துளி சோப்போடு உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுங்கள். சில நிமிடங்களில் உருண்டையானால் நம்பி வாங்கலாம். உள்ளூர்க் கம்பளி கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு: சென்னைச் சிவப்பு, மேச்சேரி, இராமநாதபுரம் வெள்ளை எல்லாம் கறிக்கான முடி ஆடுகள். கோயமுத்தூர்க் குறும்பை ஆட்டின் கம்பளி முரடு. 30 மைக்ரானைத் தாண்டிய இழை தோலைக் குத்தும், பின்கழுத்து அரிக்கும். நேர்த்தியான கம்பளி தருவது நீலகிரி ஆடு. அதன் மூதாதையரில் மெரினோவும் உண்டு. சாண்டிநல்லாவில் உள்ள ஆட்டின ஆராய்ச்சி நிலையத்தில் அந்த இனத்தைப் பாதுகாத்து வளர்க்கிறார்கள். மந்தை சிறியது, கடைத்தெருவில் தேடிப் பயனில்லை.

வரலாறு சொல்லாவிட்டால் ஆசிரியர் விடமாட்டார். சைபீரியாவின் அல்தாய் மலையில், பசிரிக் கல்லறைகளில் பனியில் உறைந்து கிடந்த ஃபெல்ட் திரைகளும் கம்பளியில் செய்த அன்னப் பறவைகளும் சுமார் 2,300 ஆண்டு பழையவை. இப்போது அவை ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மேலே நீங்கள் செய்த விரல் சோதனையை 1790-இல் எழுதிவைத்தவர் கஸ்பார் மோன்ஜ், வடிவியல்காரர். உரோமத்துக்கு ஒரு திசை உண்டு என்று விரலாலேயே கண்டுகொண்டவர். ஃபெல்ட் தொப்பி செய்தவர்கள் முயல் உரோமம் எளிதில் திரள வேண்டும் என்று அதில் பாதரச நைட்ரேட் பூசினார்கள். கை நடுங்கி, புத்தி பேதலித்துப் போனவர்கள் ஏராளம். அமெரிக்கா அதற்குத் தடை போட்டது 1941-இல்தான். போதும்.

நம் முடிக்கும் செதில் உண்டு, திசை உண்டு. பின் ஏன் ஒவ்வொரு தலைக்குளியலுக்கும் தலை ஃபெல்ட்டாகிவிடுவதில்லை? முதல் காரணம், தலையில் எல்லா வேரும் ஒரே பக்கம். இரண்டாவது, தடிமன். ஓர் இழையை வளைக்க வேண்டிய விசை விட்டத்தின் நான்காம் மடிக்கு ஏற்பக் கூடும். மெரினோ 20 மைக்ரான், நம் முடி 80 என்று வைத்தால் நாலு மடங்கு தடிமன், 256 மடங்கு விறைப்பு. அவ்வளவு விறைப்பானது இண்டு இடுக்கில் வளைந்து நுழையாது. ஆனாலும் வாராமல் விட்டால், அன்றாடம் உதிரும் 50 முதல் 100 முடி வெளியேறாமல் உள்ளேயே தங்கிச் சிக்கி, நாள்போக்கில் சடை விழும். கதிர்காமத்துச் சடைமுடித் துறவிகளைப் பற்றி கணநாத் ஒபயசேகர 1981-இல் ஒரு நூலே எழுதினார். அவருக்கு அக்கறை சடையின் பொருளில். எனக்குச் சடையின் உராய்வில்.

திசையின் அருமை தெரிந்தவர்கள் முடி வியாபாரிகள். திருப்பதியிலும் பழனியிலும் காணிக்கையாக இறங்கும் நீள முடியை வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம் மாறாமல் கட்டி வைத்தால், அதுதான் ‘ரெமி’ என்ற பெயரில் நல்ல விலைக்குப் போகும் சரக்கு. தெருவில் பாத்திரமும் ஹேர்பின்னும் கொடுத்து வாங்கிப்போகும் சீப்பு முடி இருக்கிறதே, அது அதே தலையில் முளைத்ததுதான். ஆனால் வேரும் நுனியும் கலந்துவிட்டது. அப்படியே விக் செய்தால் இரண்டு முறை அலசியதும் சிக்குப் பந்தாகும். அதனால் அமிலத்தில் போட்டுச் செதிலையே கழற்றி, சிலிகான் பூசிப் பளபளப்பாக்குவார்கள். சிலிகான் கழுவிப் போகும் வரை அதுவும் பட்டுப்போலத்தான் இருக்கும். விளம்பரத்தில் வருவது அந்தச் சில வாரங்கள்.

தலையில் வைத்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘கம்பளி மூச்சு விடும், முடியைப் பாதுகாக்கும்’ என்பதை அப்படியே நம்ப வேண்டாம். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக் குடித்தும் தொட்டால் உலர்ந்ததுபோலவே இருக்கும். நம் ஊர் வியர்வையில் அது நல்ல செய்தியல்ல. தலையணை தேய்க்கிறது, வியர்வை நனைக்கிறது, ஆகவே திரளும் வேலை தலையிலும் நிற்காமல் நடக்கும். கம்பளி இழைகள் உங்கள் முடிக்குள்ளும் ஊர்ந்து போகும். மாதக்கணக்கில் விட்டால் அவிழ்ப்பது கத்தரிக்கோலாகத்தான் இருக்கும். இறுக்கிப் பின்னி எடை தொங்கவிட்டால் நெற்றியோரம் முடி மெலியும், நாள்பட்டால் திரும்ப முளைக்காது. தோல் மருத்துவர்களுக்கு நூறாண்டுக்கு மேலாகத் தெரிந்த நோய் இது. சடை மெல்லியதாக இருக்கட்டும், எண்ணிக்கை குறைவாக இருக்கட்டும், ஈரத் தலையில் பின்னாதீர்கள். வேர்க்காலில் வலி தெரிந்தால் அன்றே அவிழ்த்துவிடுங்கள்.