உஷார்! கம்ப்யூட்டருக்குக் கண்டம் கடைசி வரியில்

"ரெடிமேட் வேண்டாம்பா, பார்ட்ஸ் வாங்கி நானே அசெம்பிள் பண்றேன்" என்று கிளம்பும் பிள்ளைகள் இன்று எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தாராளமாகச் செய்யட்டும். ஆனால் கடைக்குப் போகும் முன் அவர்கள் கையில் இருக்கும் பட்டியலை வாங்கி ஒரு தடவை பாருங்கள். பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு, ரேம் என்று ஒவ்வொன்றையும் அலசி ஆராய்ந்து எழுதியிருப்பார்கள். கடைசி வரியில், மிச்சம் இருக்கும் காசுக்குத் தக்க மாதிரி, 'எஸ்.எம்.பி.எஸ். – ஏதாவது ஒன்று' என்று இருக்கும். கம்ப்யூட்டரின் எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி அது. 230 வோல்ட் நேராக வந்து இறங்குவது அந்தப் பெட்டிக்குள்தான். உயிருக்கு ஆபத்து உள்ள பாகமும் அது ஒன்றுதான்.

சென்னை ரிச்சி தெருவாகட்டும், உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையாகட்டும், விலை குறைந்த கேபினெட்டைக் கேட்டால் "எஸ்.எம்.பி.எஸ். உள்ளேயே இருக்கு, தனியா வாங்க வேண்டாம்" என்பார்கள். அதன் மேல் 450 வாட்ஸ் என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும். அந்த எழுத்தை நம்பாதீர்கள். அதற்குக் கீழே சின்னக் கட்டங்களாக ஓர் அட்டவணை இருக்கும். செல்போன் டார்ச் அடித்தாவது அதைப் படியுங்கள். 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருப்பார்கள். 12 வோல்ட்டுக்கு நேரே இருக்கும் ஆம்பியரை 12ஆல் பெருக்குங்கள். 14 ஆம்பியர் என்றிருந்தால் வருவது 168 வாட்ஸ்தான்! இன்றைய பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பசியாறுவது 12 வோல்ட்டில்தான். மற்ற வரிகளைக் கூட்டிக் காட்டும் 450 உங்கள் கம்ப்யூட்டருக்குப் பயன்படாது. ஒழுங்கான 550 வாட்ஸ் பெட்டியில் அதே இடத்தில் 45 ஆம்பியர் வாக்கில் இருக்கும். பெருக்கினால் 540 வரும்.

அட்டவணையே இல்லாத பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 80 பிளஸ் முத்திரையைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடவும் வேண்டாம். 2004இல் வந்த அந்தச் சான்று, இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் போய்ச் சேருகிறது என்பதற்கு மட்டும்தான். ஓவர்லோடு ஆனால், ஷார்ட் ஆனால் தானே நிற்குமா என்பது வேறு விஷயம். மலிவுப் பெட்டிகளில் அந்தக் காவல் பெரும்பாலும் இருப்பதில்லை. அப்படிப்பட்ட பெட்டி போகும்போது தனியாகப் போகாது. மதர்போர்டையும் டிஸ்க்கையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும்.

சரி, நல்ல பெட்டியே வாங்கிவிட்டீர்கள். வீட்டில் எர்த் இருக்கிறதா? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதே இல்லை. எனக்கு அடிவயிற்றைக் கலக்குவது இதுதான்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாசலிலேயே ஃபில்டர் கெபாசிட்டர்கள் இருக்கும். ஃபேஸிலிருந்து ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று, இரண்டும் பெட்டியின் இரும்பு உடம்பில் போய்ச் சேரும். மின்சாரத்தில் உள்ள இரைச்சலை எர்த்துக்குத் தள்ளிவிடுவது அவற்றின் வேலை. எர்த் இல்லாவிட்டால் கேபினெட் முழுக்க 115 வோல்ட் வாக்கில் ஏறி நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் கை பட்டதும் சுருக்கென்று கடிக்கும், அவ்வளவுதான். "கம்ப்யூட்டர்னா லேசா ஷாக் அடிக்கத்தான் செய்யும்" என்று வீட்டில் எல்லோரும் பழகிவிடுகிறார்கள். பழகவே கூடாது! நாளைக்கே உள்ளே இன்சுலேஷன் போய் ஃபேஸ் நேராக உடம்பைத் தொட்டால், கரண்ட் தரைக்குப் போக இருக்கும் ஒரே வழி, வெறுங்காலோடு கேபினெட்டைத் தொடும் ஆள்தான். அந்தக் கரண்டுக்கு ஃப்யூஸ் போகாது. ஆளைக் கொல்ல அது போதும்.

எனவே, அட்டைப்பெட்டியைப் பிரிக்கும் முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மல்டிமீட்டரில் ஃபேஸ்–நியூட்ரல் எவ்வளவு காட்டுகிறதோ, ஏறக்குறைய அதையே ஃபேஸ்–எர்த்தும் காட்ட வேண்டும். நியூட்ரல்–எர்த் சில வோல்ட்டைத் தாண்டக் கூடாது. சுத்தமாகப் பூஜ்யம் காட்டினால் சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் இல்லாத குறையை மறைக்க, நியூட்ரலையும் எர்த் முனையையும் சாக்கெட்டுக்குள்ளேயே ஒரு துண்டுக் கம்பியால் முடிந்து வைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. நியூட்ரல் எங்காவது அறுந்தால் கேபினெட்டில் முழு 230 வோல்ட்டும் வந்து நிற்கும். மெயின் போர்டில், கரண்ட் கசிந்தால் தானே அணையும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் அதையும் இப்போதே போட்டுவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் விட்டுவிடாதீர்கள். மேலே மூன்று ஓட்டை, உள்ளே இரண்டே கம்பி என்று ஏராளமானவை விற்கின்றன.

பாகங்களைத் தொடும் முன் உடம்பில் உள்ள ஸ்டேடிக் மின்சாரம் போவதற்கு, பிளக்கை மாட்டிக் கேபினெட்டைத் தொட்டுக்கொள்ளச் சொல்லும் அறிவுரையும் எர்த் உள்ள வீட்டுக்குத்தான் பொருந்தும். எர்த் இல்லாத வீட்டில் அது ஷாக்கைத் தேடிப் போய் வாங்குவது.

எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறந்து பார்க்கும் ஆசை வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் டி.சி. நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும்.

அடுத்து ஒயர்கள். மாடுலர் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் வேண்டிய ஒயரை மட்டும் செருகிக்கொள்ளலாம். டிஸ்க் பக்கம் இருக்கும் முனை எல்லா கம்பெனிக்கும் ஒன்றுதான். ஆனால் பெட்டிப் பக்கம் இருக்கும் முனைக்குப் பொது விதி எதுவும் கிடையாது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே கம்பி வரிசை மாறலாம். பழைய பெட்டியிலிருந்து டிஸ்க்குக்குப் போகும் சாட்டா ஒயரைப் புதுப் பெட்டியில் செருகினால் கச்சிதமாக உட்காரும், 'க்ளிக்' என்று சத்தமும் கேட்கும். சுவிட்சைப் போட்டால் 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போகும். கண் மூடித் திறப்பதற்குள் டிஸ்க் கருகிவிடும், அதிலிருந்த குடும்பப் படங்களும் போய்விடும். பெட்டியை மாற்றினால் ஒயர்களையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய ஒயரை "இருக்கட்டும்" என்று எடுத்து வைக்காதீர்கள். மோலெக்ஸ் என்ற பழைய ரக முனையிலிருந்து சாட்டாவுக்கு மாற்றித் தரும் மலிவு ஒயர்களில், பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த ரகம் தீப்பிடிக்கக்கூடியது. அதை வாங்கவே வேண்டாம்.

பெரிய கிராபிக்ஸ் கார்டு வாங்குபவர்கள் 16 பின் கனெக்டரில் கவனமாக இருங்கள். 2022இல் என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 4090 வந்தபோது பல பேருக்கு அந்த முனை உருகிப்போனது. முழுதாக உட்காராமல் கொஞ்சம் வெளியே நிற்பதே முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. கடைசி வரை அழுத்துங்கள். முனையை ஒட்டியே ஒயரை மடக்காதீர்கள்.

பிராசஸர் சாக்கெட்டில் விரல் படக் கூடாது. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 சாக்கெட்டில் 1718 பின்கள், முடியைவிடச் சற்றே தடிமனாக நிற்கின்றன. ஒன்று வளைந்தாலும் வாரண்டி கிடைப்பது கஷ்டம். சாக்கெட்டை மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிப் போடாமல் பத்திரப்படுத்துங்கள். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மாட்டுகிறவர்கள் ஏராளம். உரித்தோமா என்று இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

"பில் வேண்டாம்னா 18 சதவீதம் குறைச்சுத் தர்றேன்" என்றால், குறைவது ஜி.எஸ்.டி. மட்டுமல்ல, வாரண்டியும்தான். சீரியல் நம்பரோடு பில் வாங்குங்கள். 'ஐ7' என்று மட்டும் சொல்லி, எந்தத் தலைமுறை என்று சொல்லாமல் விற்றால் கேளுங்கள். 2011இல் வந்த இரண்டாம் தலைமுறை பிராசஸரும் ஐ7தான். விண்டோஸ் 11 அதை ஏற்றுக்கொள்வதில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

முதல் முறை சுவிட்ச் போடும்போது பக்கத்தில் பெரியவர் ஒருவர் நிற்கட்டும், காலில் செருப்பு இருக்கட்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இல்லாமல் நேராகச் சுவர் சாக்கெட்டில் மாட்டி, கையைச் சுவர் சுவிட்சின் மேலேயே வைத்திருங்கள். ஃபேன் ஒரு நொடி சுற்றி நின்றாலோ, 'பட்' என்று சத்தம் கேட்டாலோ, கருகல் வாடை வந்தாலோ, உடனே அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். "இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்று மட்டும் கை வைக்காதீர்கள். முதல் தடவை எஸ்.எம்.பி.எஸ். மட்டும் போயிருந்தால், இரண்டாவது தடவை மதர்போர்டும் போகும்.