தென்னந்தோப்பில் அடுக்குப் பயிர்

தென்னை ஒருமுறை நட்டால் அறுபது ஆண்டுகளுக்கு மேல் பயன் தருவது. அத்தனை காலமும் நிலத்தைத் தனதாக்கிக் கொள்வது. கேரளத்தில் தென்னை பயிரிடுவோரில் பெரும்பாலோர் ஒரு ஹெக்டேருக்கும் குறைந்த நிலமே உடையவர்கள். தேங்காய் விலை வீழ்ந்தால் குடும்பத்தின் வருவாயும் உடன் வீழ்கிறது. ஆதலின், மரங்களுக்கிடையே வேறு பயிர் செய்யலாமா என்பது அவர்களுக்கு வாழ்க்கைப் பிரச்சினையாகும். ஊடுபயிர் இடும் வழக்கம் பழமையானதே. அப்பயிர் தென்னையின் உணவையும் நீரையும் பறித்துக் கொள்ளாதா என்ற ஐயமும் அவ்வளவு பழமையானது.

இவ்வையத்தை அளவைகளின் துணைகொண்டு ஆராய்ந்தது, காசரகோட்டிலுள்ள மத்தியத் தோட்டப் பயிர் ஆராய்ச்சி நிலையம். அன்றைய சென்னை மாகாண அரசு 1916இல் தொடங்கிய தென்னை ஆராய்ச்சி நிலையமே 1970இல் இவ்வுருப் பெற்றது. டாக்டர் பி. கே. இராமச்சந்திரன் நாயரும் அவருடைய சக ஆராய்ச்சியாளர்களும் ‘பல அடுக்குப் பயிர்முறை’ என்னும் திட்டத்தை 1974இல் அறிவியலுலகிற்கு எடுத்துரைத்தனர்.

முதலில் வேரைக் காண்போம். நன்கு பராமரிக்கப்பட்ட தென்னையின் வேர்களில் சுமார் நூற்றுக்கு 74 பங்கு, அடிமரத்தைச் சுற்றி 2 மீட்டர் தொலைவுக்குள்ளேயே அமைகின்றன. ஆழத்தை நோக்கினால், நூற்றுக்கு 82 பங்கு வேர்கள் 31 முதல் 120 சென்டிமீட்டர் வரையிலுள்ள மண்ணில் காணப்படுகின்றன. 7.5 மீட்டர் இடைவெளியில் நட்ட தோப்பில் ஒரு மரத்திற்குக் கிடைக்கும் நிலம் 56.25 சதுர மீட்டர். 2 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்போ சுமார் 12.6 சதுர மீட்டர்தான். ஆகவே, நிலத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கைத் தென்னை வேர்கள் மிகச் சிறிதளவே பயன்படுத்துகின்றன.

அடுத்தது ஒளி. இளந்தென்னையின் கீற்றுகள் விரிய விரிய, நிலத்தை அடையும் வெயில் குறைந்துகொண்டே வருகிறது. 8 வயது முதல் 25 வயது வரை, சுமார் நூற்றுக்கு 20 பங்கு ஒளியே தரையை எட்டுகிறது. பின்னர் மரம் உயர்ந்து ஓலைக்கொண்டை மேலே செல்ல, ஒளி மீண்டும் மிகுகிறது. 40 வயதளவில் பாதியளவு ஒளி கீழே இறங்குகிறது. எனவே, முதற் பருவத்தில் மரவள்ளி, சேனை போன்ற குறுகிய காலப் பயிர்களையும், இறுதிப் பருவத்தில் பல்லாண்டுப் பயிர்களையும் இடலாம். இடைப் பருவத்திலோ நிழல் தாங்குவன சிலவே தேறும்.

முதிர்ந்த தோப்பில் அவர்கள் வகுத்த அமைப்பு இது: உச்சியில் தென்னையின் கொண்டை, அதன் தண்டைப் பற்றி ஏறும் மிளகுக் கொடி, வரிசைகளின் நடுவே கொக்கோ, தரையில் அன்னாசி. கொக்கோ தென் அமெரிக்கக் காடுகளில் பெருமரங்களின் நிழலில் வளர்ந்த சிறுமரமாதலின், இவ்விடம் அதற்கு இயல்பாகவே பொருந்துகிறது. அதன் உதிர்ந்த இலைகள் மக்கி மண்ணுக்கு உரமாகின்றன. இவ்விரண்டும் கலந்து வளரும் இடத்தில், தனித்தென்னைத் தோப்பைவிட வேர்ப்பகுதியில் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் மிகுந்திருந்தன என்று 1977இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று.

ஆயினும் இம்முறை இலவசமாகப் பலன் தருவதன்று. ஒவ்வொரு பயிருக்கும் உரிய உரத்தைத் தனித்தனியே இடவேண்டும். மலையாளக் கரையில் மழை பெரும்பாலும் சில மாதங்களிலேயே கொட்டித் தீர்கிறது. கோடையில் நீர் பாய்ச்சாவிடில் கொக்கோ வாடும், தென்னையும் போட்டியால் நலிவுறக்கூடும். கொக்கோவின் கிளைகளைக் காலந்தோறும் கழித்துவிடவும் வேண்டும். உரத்திற்கும் நீருக்கும் ஆட்கூலிக்கும் வழியில்லாதவர் நான்கு பயிரையும் ஒருங்கே தொடங்குதல் தகாது.

நாயர் 1978இல் நைரோபியிலுள்ள சர்வதேச வேளாண்காடு ஆராய்ச்சி மன்றத்திற்கும், 1987இல் புளோரிடா பல்கலைக்கழகத்திற்கும் சென்று இத்துறையை வளர்த்தார். இந்திய அரசு 2014இல் தேசிய வேளாண்காடுக் கொள்கையை வகுத்தது. மரம் பயிருக்குப் பகையா, துணையா என்ற வினாவுக்குப் பொதுவான விடை இல்லை. மரத்தின் வயது, வேரின் பரவல், ஒளியின் அளவு, நீரின் வசதி ஆகிய நான்கையும் அறிந்து பயிரைத் தேர்ந்தெடுக்கும் உழவரே தம் நிலத்திற்குரிய விடையைக் காண்பார்.