பால் நிறத்தில் ஆயிலா? பம்ப் பத்திரம்!
டிராக்டர் பேக்ஹோவுக்கு ஹைட்ராலிக் ஆயில் மாற்றும் முறை

டிராக்டரின் பின்னால் மாட்டும் பேக்ஹோவை ஊரில் யாரும் அந்தப் பெயரில் அழைப்பதில்லை. மண் அள்ளும் எந்த இயந்திரமும் 'ஜே.சி.பி'தான். திருவள்ளூர் மாவட்டத்தில் மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரங்களில் நவரை அறுவடை முடிந்ததும் இந்த இயந்திரங்களுக்கு ஓய்வே இருக்காது. பண்ணைக்குட்டை வெட்டுவது, வாய்க்கால் தூர்வாருவது, ஏரி வண்டல் அள்ளுவது என வேலை வரிசையாக நிற்கும். வண்டல் மண் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம் என 2024-ல் நடைமுறை எளிதாக்கப்பட்ட பிறகு, இந்தத் தேவை இன்னும் கூடியிருக்கிறது.

அந்த நேரத்தில் பூம் தூக்காமல் திணறினால், வாடகை வருமானமும் போச்சு, கோடைக்குள் முடிக்க வேண்டிய குட்டையும் நின்று போச்சு. பெரும்பாலான நேரங்களில் பழுது பம்ப்பிலோ வால்விலோ தெரிந்தாலும், அதற்குத் தொடக்கம் கவனிக்காமல் விட்ட ஆயில்தான்.

கடலோரத்துக்குத் தனிக் கவனம்

காட்டுப்பள்ளி ஒரு பக்கம் வங்கக் கடலுக்கும் மறுபக்கம் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் நடுவில் இருக்கிறது. துறைமுகமும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் இருக்கும் பகுதி. காற்றில் ஈரமும் உப்பும் எப்போதும் உண்டு. மீஞ்சூர் பகுதியில் நிலத்தடி நீருக்குள்ளேயே கடல்நீர் பல கிலோமீட்டர் புகுந்துவிட்டது. இவையெல்லாம் ஹைட்ராலிக் ஆயிலுக்கு எதிரிகள்.

பகலில் வேலை செய்யும்போது டேங்க் சூடாகி, உள்ளிருக்கும் காற்று விரிந்து மூடியிலுள்ள 'பிரீதர்' வழியாக வெளியேறும். இரவில் டேங்க் குளிர்ந்ததும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அந்த ஈரம் டேங்க்கின் உள்சுவரில் வியர்த்து, சொட்டுச் சொட்டாக ஆயிலில் கலக்கும். சிலிண்டர் கம்பியின் பளபளப்பான குரோம் பூச்சை உப்பு அரித்தால், அந்தச் சொரசொரப்பு ஆயில் சீலைக் கிழிக்கும். பிறகு அதே வழியாகத் தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும். உவர் மண்ணிலோ இறால் குட்டையிலோ வேலை செய்தால், அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவி, கம்பிகளை முடிந்தவரை உள்ளிழுத்து நிறுத்துவது நல்லது. கழுவும்போது பிரீதர் மீதும் சீல்கள் மீதும் வேகமாகத் தண்ணீர் அடிக்கக் கூடாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் சூழ்ந்ததைப்போல, இயந்திரம் தண்ணீரில் மூழ்கி நின்றிருந்தால் மணிக்கணக்கைப் பார்க்க வேண்டியதில்லை. ஆயிலைப் பரிசோதிக்காமல் இன்ஜினை ஓட்டவே கூடாது.

முதலில் எந்த ஆயில் என்று பாருங்கள்

பலரும் தவறு செய்யும் இடம் இதுதான். பெரும்பாலான டிராக்டர்களில் கியர்பாக்ஸ், டிஃப்ரன்ஷியல், பின்பக்க லிஃப்ட், ஆயிலில் மூழ்கிய பிரேக் ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில்தான். கடையில் இதை 'யு.டி.டி.ஓ' என்பார்கள். பேக்ஹோவுக்குப் பெரும்பாலும் தனி டேங்க், தனி பம்ப், தனி ஆயில். இதில் '46' அல்லது '68' எண் கொண்ட ஹைட்ராலிக் ஆயில் ஊற்றுவார்கள். 40 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஆயிலுக்குள்ள கெட்டித்தன்மையைக் காட்டும் எண் அது. எண் கூடினால் கெட்டி கூடும்.

பேக்ஹோவுக்கான 68 ஆயிலை டிராக்டரின் பின்பக்கத்தில் ஊற்றினால், பிரேக் பிடிக்கும்போது கீச்சிடும்; பிரேக் தட்டுகளும் சீக்கிரம் தேயும். அதனால், தன் இயந்திரத்தில் டேங்க் தனியா, பொதுவா என்பதைக் கையேட்டைப் பார்த்து உறுதி செய்த பிறகே ஆயில் வாங்க வேண்டும்.

ஆயில் சொல்லும் சேதி

கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் ஆயிலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

கறுத்து, கருகிய வாடை வந்தால் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. பால் கலந்த காபிபோல இருந்தால் தண்ணீரோ காற்றுக் குமிழியோ கலந்திருக்கலாம். பாட்டிலை ஒரு மணி நேரம் அசைக்காமல் வைக்கும்போது தெளிந்தால், அது காற்று. சக்ஷன் ஹோஸ் எங்கோ தளர்ந்திருக்கிறது. தெளியாமல் கலங்கலாகவே நின்றால் தண்ணீர்தான்.

சந்தேகம் தீர இன்னொரு சோதனை உண்டு. சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விட்டால், தண்ணீர் கலந்த ஆயில் கடுகு தாளிப்பதுபோலப் படபடவென வெடிக்கும். கண்ணாடி அணிந்து, ஆயில் கேன்களிலிருந்து தள்ளி நின்று இதைச் செய்ய வேண்டும்.

மாற்றும் முறை

1. சமதரையில் நிறுத்தி, முன் லோடரையும் பின் பக்கெட்டையும் தரையில் இறக்கி வைக்க வேண்டும். தூக்கி நிற்கும் பூமின் கீழ் யாரும் போகக் கூடாது.

2. ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால்தான் கசடும் சேர்ந்து வடியும். வழக்கமான மாற்றத்துக்கு 15 நிமிடம் ஓட்டிச் சூடேற்றலாம். தண்ணீர் கலந்திருந்தால் ஓட்டாமல், இரவு முழுக்க நிறுத்தி வைத்து, காலையில் டிரெயின் நட்டை லேசாகத் தளர்த்தினால், அடியில் தங்கிய தண்ணீர் முதலில் வெளியேறும்.

3. இன்ஜினை அணைத்த பிறகு, எல்லா லீவர்களையும் இரு பக்கமும் சில முறை அசைத்து, உள்ளே தேங்கிய அழுத்தத்தை விடுவிக்க வேண்டும்.

4. மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டு ஆயிலை வடிக்க வேண்டும். டிரெயின் நட்டில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியதைப் பார்க்கவும். மாவு போன்ற நைசான தூள் சாதாரணத் தேய்மானம். செதிலாக, துண்டாக உலோகம் இருந்தால் பம்ப்பையோ கியரையோ சோதிக்க வேண்டும்.

5. டேங்க்கின் உள்ளே இருக்கும் சக்ஷன் வலையை டீசலில் கழுவிக் காயவைத்து மாட்டலாம். கிழிந்திருந்தால் புதிது போட வேண்டும். ரிட்டர்ன் ஃபில்டரைக் கழுவிப் போடுவது வீண். புதிதுதான் தேவை. பிரீதரையும் சேர்த்து மாற்றுவது கடலோரத்துக்கு நல்லது. டேங்க்கைத் துடைக்கப் பஞ்சு, நூல் உதிரும் துணி ஆகாது.

6. புது ஆயிலைச் சுத்தமான வலைப் புனல் வழியாக ஊற்ற வேண்டும். சக்ஷன் வால்வு இருந்தால் திறந்திருக்கிறதா என இரண்டு முறை பார்க்கவும். அது மூடியிருக்க இன்ஜினை ஓட்டினால், ஆயில் இல்லாமல் சுற்றும் பம்ப் சிறிது நேரத்திலேயே வீணாகிவிடும்.

7. குறைந்த வேகத்தில் இன்ஜினை ஓட்டி, ஒவ்வொரு சிலிண்டரையும் மெதுவாக நீட்டி மடக்கினால் உள்ளிருக்கும் காற்று வெளியேறும். பிறகு அளவு பார்த்து, குறைந்ததை நிரப்ப வேண்டும்.

ஒரு முறை போதுமா?

தண்ணீர் கலந்த இயந்திரத்துக்குப் போதாது. டேங்க்கை வடித்தாலும் சிலிண்டர், ஹோஸ், வால்வுகளில் பழைய ஆயில் தங்கியிருக்கும். உதாரணமாக, மொத்தம் 100 லிட்டரில் 60 லிட்டர்தான் வடிகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் மாற்றத்துக்குப் பிறகு பழைய ஆயில் 40 சதவிகிதம் மிஞ்சும். இரண்டாவது மாற்றத்தில் 16 ஆகக் குறையும், மூன்றாவதில் 6.4. அதனால் முதல் மாற்றத்துக்குப் பிறகு சிறிது நேரம் ஓட்டி, மறுபடி வடிப்பது அவசியம். செலவு கசக்கத்தான் செய்யும். ஆனால், துருப்பிடித்த பம்ப்பையும் வால்வையும் மாற்றும் செலவு அதைவிடக் கசக்கும்.

கை வைக்காதீர்கள்

டிராக்டரின் பின் டயரில் காற்றழுத்தம் ஏறத்தாழ 1 பார். பேக்ஹோ ஹோஸுக்குள் ஓடும் அழுத்தம் 150 பாரையும் தாண்டும். ஊசிமுனைத் துளையில் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், வலியும் குறைவாக இருக்கலாம். ஆனால் உள்ளே சதை அழுகி, விரலையோ கையையோ இழக்க நேரிடும். கசிவைத் தேட அட்டையையோ மரத்துண்டையோ பயன்படுத்த வேண்டும். பட்டுவிட்டால், 'நாளை பார்க்கலாம்' என்று இருக்காமல் அப்போதே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், ஹைட்ராலிக் ஆயில் ஏறியது என்று சொல்ல வேண்டும்.

பழைய ஆயில் எங்கே போகிறது?

கரையான் வராமலிருக்கக் கம்பங்களில் பூசுவது, வரப்போரம் கொட்டுவது, அடுப்பு பற்றவைப்பது... பழைய ஆயில் இப்படித்தான் போகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து மீனவர்களின் வலையும் படகும் பாழானதை இந்தப் பகுதி கண்ணால் பார்த்திருக்கிறது. கொசஸ்தலையாற்றில் சேரும் ஒவ்வொரு வாய்க்காலும் அந்தக் கழிமுகத்துக்குத்தான் போகிறது. பயன்படுத்திய ஆயில் சட்டப்படி அபாயகரமான கழிவு. மூடியுள்ள கேனில், தண்ணீரோ டீசலோ கலக்காமல் சேர்த்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் போய்ச் சேரும்படி கொடுக்க வேண்டும். பல பேர் சேர்ந்து பேரலாகச் சேர்த்தால், எடுத்துப்போக ஆள் வருவதும் எளிது.

வாசகர்கள் வழக்கமாகக் கேட்பவை

எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்?
கையேட்டில் உள்ள மணிக்கணக்குதான் அடிப்படை. புது இயந்திரத்துக்கு முதல் ஃபில்டர் மாற்றம் சீக்கிரமே வரும். கடலோர இயந்திரங்களுக்கு மழைக்காலம் முடிந்து, கோடை வேலை தொடங்குமுன் பாட்டில் சோதனை செய்துவிடுவது நல்லது.

வாங்கிய பேரலை வெளியே வைக்கலாமா?
நிமிர்த்தி வைத்தால் மேல்தட்டில் மழைநீர் தேங்கும். பேரல் குளிரும்போது அந்தத் தண்ணீர் மூடி வழியாக உள்ளே இழுக்கப்படும். கூரைக்குள் வைக்கவும். முடியாவிட்டால் படுக்கவைத்து, இரண்டு மூடிகளும் ஒரே மட்டத்தில், ஆயிலுக்குள் மூழ்கி இருக்கும்படி வைக்கவும்.

இன்ஜின் ஆயில் மிச்சமிருக்கிறது, ஊற்றலாமா?
கையேட்டில் அனுமதி இல்லாவிட்டால் வேண்டாம். தண்ணீரைப் பிரிந்து நிற்கவிடாமல் தன்னோடு கலந்து வைத்துக்கொள்ளும் தன்மை இன்ஜின் ஆயிலுக்கு உண்டு. ஈரக்காற்று வீசும் ஊரில் அது இரட்டைக் கேடு.