சளியும் முடிச்சும்



லண்டன் பிக்கடில்லியில் லின்னேயன் சொசைட்டி இருக்கிறது. உயிரினங்களுக்கு முறையாகப் பெயர் சூட்டிய சுவீடன்காரர் கார்ல் லின்னேயஸின் நூல்களும் சேகரிப்பும் அங்கேதான் உள்ளன. அவர் 1758இல் ஹேக்ஃபிஷைப் புழுக்களோடு சேர்த்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அதற்குத் தாடை இல்லை, செதில் இல்லை. கண்கூடத் தோலுக்கடியில் மங்கிக் கிடக்கிறது.

லின்னேயஸ் பெயரிட்ட இனம் வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த ஆழத்தில், சேற்றில் வளை தோண்டி வாழ்கிறது. செத்து விழும் மீனையும் திமிங்கிலத்தையும் மோப்பம் பிடித்து வந்து, உள்ளே புகுந்து தின்கிறது.

எதிரி கடித்தால் உடலின் இருபுறச் சுரப்பிகளும் சளியைக் கக்கும். அதில் மெல்லிய புரத இழைகள் உண்டு. கடல்நீர் பட்டதும் அது பெருகி எதிரியின் செவுளை அடைத்துவிடும். 2011இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆழ்கடல் காணொளியில், இதன் உறவினத்தைக் கடித்த சுறாக்கள் உடனே துப்பிவிட்டு விலகுகின்றன.

ஆனால் அந்தச் சளி அதன் மூச்சையே அடைக்கவும் கூடும். அதனால் வாலில் முடிச்சிட்டு, அந்த முடிச்சைத் தலைவரை நகர்த்திச் சளியை வழித்தெடுக்கிறது. மூக்கில் அடைத்ததைத் தும்மித் தள்ளுகிறது.

செவிலியான எனக்கு இது அந்நியமல்ல. நம் நுரையீரலிலும் சளிதான் கிருமியைப் பிடிக்கும் காவல். வெளியேறாவிட்டால் அதுவே ஆபத்து. இருமத் திராணியற்றவருக்குக் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்கிறோம். அந்தச் சத்தம் கேட்டு முகம் திருப்பும் உறவினர்கள், மூச்சு சீரானதும் மெல்லக் கட்டிலருகே வந்து கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். கடலடி உயிருக்கு அப்படிச் செய்துவிட யாருமில்லை. தன் முடிச்சைத் தானே போட்டுக்கொள்கிறது.