அடைபட்ட பாம்பும் வெளிச்சமும்

பாம்புக்கு இமை கிடையாது; கண்ணை மூடி வெளிச்சத்தைத் தடுக்க அதனால் இயலாது. தேக உஷ்ணத்தையும் அது சுற்றுப்புறத்திலிருந்தே பெறுகிறது. ஆகையால் அடைபட்ட பாம்புக்குப் பகலில் மிதமான சூடும், இரவில் இருளும், ஒதுங்க மறைவிடமும் அவசியம். நேர்வெயிலில் வைத்த பெட்டியில் அது விரைவில் மாண்டுவிடும்.

செங்கற்பட்டு ஜில்லா வடநெம்மேலியில் 1978-ல் ஏற்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார், விஷமுறிவு மருந்துக்காகப் பிடிக்கும் பாம்புகளை மண்பானையிலிட்டு, பானை வாயைத் துணியால் கட்டி வைக்கின்றனர். உள்ளே இருளும் குளிர்ச்சியும் உண்டு. விஷம் எடுத்தபின் பாம்புகளை வெளியே விட்டுவிடுகின்றனர்.

வைக்கோற்போரில் காணும் சாரை, எலிகளைத் தின்று நெல்லைக் காப்பது. அதை அனுமதியின்றிப் பிடித்து வைத்தல் 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். புதுக்கோட்டை ஜில்லாவில் அவ்விதம் அடைபட்ட பாம்பைக் காணும் மிராசுதாரர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும், பாம்பைத் தொடாமல் பெட்டியை நிழலுக்கு மாற்றி, வனத்துறைக்கு உடனே தெரிவிப்பார்களாக.