'பாசிட்டிவ்' என்றால் நல்லதா, கெட்டதா? மெடிக்கல் ரிப்போர்ட் வாங்குபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

'எப்பவும் பாசிட்டிவா இருங்க' என்று யாராவது சொன்னால் அது வாழ்த்து. 'உங்களுக்கு பாசிட்டிவ்னு வந்திருக்கு' என்று லேப்பில் இருந்து போன் வந்தால் கை கால் உதறிவிடும். சொல் ஒன்றுதான். இடத்துக்கு இடம் அர்த்தம் ஏன் மாறுகிறது?

எங்கிருந்து வந்தது?

லத்தீனில் 'வைப்பது', 'நிறுவுவது' என்ற பொருள் தரும் வினைச்சொல்தான் இதன் வேர். நிறுவப்பட்டது, உறுதியானது என்பது பழைய பொருள். 'ஐ ஆம் பாசிட்டிவ்' என்று ஆங்கிலத்தில் சொன்னால் 'எனக்கு உறுதியா தெரியும்' என்று அர்த்தம் வருவது இதனால்தான். நம்பிக்கையான மனநிலை என்ற பொருள் பிற்காலத்தில் சேர்ந்தது.

லேப் ரிப்போர்ட்டில் என்ன அர்த்தம்?

'எதைத் தேடினோமோ, அது இருக்கு' என்பது மட்டும்தான். நல்லது, கெட்டது என்ற தீர்ப்பு அதில் கிடையாது. டெங்கு டெஸ்ட்டில் பாசிட்டிவ் என்றால் கவலை. குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிக்கு கர்ப்ப பரிசோதனையில் அதே பாசிட்டிவ் கொண்டாட்டம். 2020ல் கொரோனா பரவியபோது தமிழ் செய்திகளில் 'தொற்று உறுதி' என்று எழுதினார்களே, அது இந்தச் சொல்லின் பழைய பொருளுக்கு மிகப் பொருத்தமானது.

ரத்த வகையில்?

'ஓ பாசிட்டிவ்', 'பி நெகட்டிவ்' என்பதில் வருவது ஆர்.ஹெச். காரணி. சிவப்பணுக்களின் மேல் 'டி' என்ற புரதம் இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். இரண்டுமே நோய் இல்லை.

ஆனால் நெகட்டிவ் வகை ரத்தம் உள்ள கர்ப்பிணிகள் இதை சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு பாசிட்டிவ் ரத்தமாக இருந்தால், தாயின் உடல் அதற்கு எதிராக ஆன்டிபாடிகளை உருவாக்கலாம். பெரும்பாலும் அடுத்தடுத்த குழந்தைகளைத்தான் இது பாதிக்கும். இதைத் தடுக்க 'ஆன்டி-டி' ஊசி இருக்கிறது. குழந்தை பாசிட்டிவ் வகையாக இருந்தால், பிரசவமான 72 மணி நேரத்துக்குள் அதைப் போட வேண்டும். கர்ப்ப காலத்திலேயே போடுவதும் உண்டு.

புற்றுநோய் ரிப்போர்ட்டில்?

பலர் குழம்பிப் போகும் இடம் இது. மார்பகப் புற்றுநோய் ரிப்போர்ட்டில் 'ஈ.ஆர். பாசிட்டிவ்' என்று இருந்தால், புற்றுநோய் செல்களில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனுக்கான ஏற்பிகள் இருக்கின்றன என்று பொருள். அதாவது டமாக்சிபென் போன்ற ஹார்மோன் சிகிச்சை மருந்துகள் பலன் தர வாய்ப்பு உண்டு. மாறாக, 'ட்ரிப்பிள் நெகட்டிவ்' என்று வந்தால் 'எல்லாமே நெகட்டிவ், அப்பாடா' என்று நிம்மதி அடைய முடியாது. அந்த வகைக்கு ஹார்மோன் மருந்துகள் பலன் தராது, வேறு சிகிச்சை தேவை.

அதே நேரம், ஆபரேஷனுக்குப் பிறகு 'மார்ஜின் நெகட்டிவ்' என்று வந்தால் நல்ல செய்தி. வெட்டி எடுத்த பகுதியின் ஓரத்தில் புற்றுநோய் செல்கள் தென்படவில்லை என்று அர்த்தம்.

பேட்டரியில்?

இங்கே அது வெறும் பெயர். 18ஆம் நூற்றாண்டில் பெஞ்சமின் பிராங்க்ளின் மின்சாரத்தை விளக்க பாசிட்டிவ், நெகட்டிவ் என்று பிரித்தார். 1897ல் ஜே.ஜே.தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்தபோது, அது நெகட்டிவ் பக்கம் வந்தது. அதனால்தான் ஒயரில் எலக்ட்ரான்கள் ஓடும் திசை ஒன்று, மின்னோட்டம் என்று நாம் படம் வரையும் திசை அதற்கு எதிர்.

ரிப்போர்ட் கையில் வந்தால் என்ன செய்யலாம்?

பாசிட்டிவ் என்ற இடத்தில் 'இருக்கு' என்றும், நெகட்டிவ் என்ற இடத்தில் 'தென்படவில்லை' என்றும் படித்துப் பாருங்கள். பிறகு டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: 'எது இருக்கு, அது இருந்தா என்ன?'

எந்த டெஸ்ட்டும் நூறு சதவீதம் சரியாக இருக்காது. நோய் இல்லாமலே பாசிட்டிவ் வரலாம். ஹெச்.ஐ.வி. போன்ற தொற்றுகளில், ஆரம்ப நாட்களில் டெஸ்ட் எடுத்தால் தொற்று இருந்தும் நெகட்டிவ் வரலாம். அதனால் ஒற்றைச் சொல்லைப் பார்த்து பயப்படவும் வேண்டாம், டாக்டரைப் பார்க்காமல் இருந்துவிடவும் வேண்டாம்.